பதினேழாம் அத்தியாயத்துக்கு அடித்த பின்கள்

1

போன திங்கட்கிழமை காலை, பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் காப்பீட்டு அட்டை எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, என் மகள் செய்த குற்றத்தைப் பற்றி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் குற்றத்தைச் செய்தவள் நான்.

எங்கள் பேட்டை நூலகத்தின் இளையோர் பிரிவிலிருந்து எழுதியிருந்தார்கள். பெர்த் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே யாரும் நேராகத் திட்ட மாட்டார்கள், ‘கவலைப்படுகிறோம்’ என்று எழுதுவார்கள்.  வாசிப்பு வட்டத்தின் பொதுப் பிரதியில் பதினேழாம் அத்தியாயம் முழுவதும் ஸ்டாப்ளர் பின் அடித்து மூடப்பட்டிருக்கிறது, மொத்தம் பதினொரு பின்கள். அதைச் செய்தது தான்தான் என்று யாழினி ஒப்புக்கொண்டாள். பிரதியைச் சேதப்படுத்துகிறவர்கள் வட்டத்தில் இருக்க முடியாது என்பது பெண்களே வகுத்த விதி. அடுத்த சனிக்கிழமை கூடி முடிவு செய்யும்வரை அவள் ஒதுங்கியிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் பெற்றோருக்குத் தெரிவிக்கிறோம். கடைசியில் ஒரு வரி: அண்மைக்காலமாக அவள் அவளாக இல்லை என்று தோழிகள் சொல்கிறார்கள், நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த வட்டம் என்னவென்று சொல்ல வேண்டும். பதின்வயதுக்காரர்களுக்கென்றே இங்கே நாவல் எழுதுகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம், சாப்பிடப் பிடிக்காமல் போவது, பெண்ணாகப் பிறந்ததால் வாயை மூடிக்கொள்ளச் சொல்லப்படுவது, எல்லாம் அதில் வரும். எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே ஒரு பிரதி வாங்குவார்கள். ஒருத்தி படித்து ஓரத்தில் பேனாவால் எழுதி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்று யாராவது நாயகியிடம் சொல்லும் இடத்தில் பச்சை மையால் கோடு. ‘எனக்கும் இப்படித்தான்’ என்று தோன்றினால் ஊதா. ஒரு பையன் வந்து கையைப் பிடித்ததும் நாயகியின் நோய் பறந்துபோகும் இடங்களில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி படம் வரைந்துவைப்பார்கள். பிளாஸ்திரிகளைப் பார்த்து நானே ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

யாழினிக்குப் பதினாறு வயது. பள்ளியில் பேசமாட்டாள், வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில். அவள் வாய் திறக்கும் ஒரே இடம் அந்த வட்டம்தான். என்னால் இப்போது அதுவும் போகப்போகிறது.

2

ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

புத்தகம் எட்டுப் பேர் கையும் சுற்றிவிட்டு, முதலில் படித்தவளான யாழினியிடமே திரும்பி வந்தது. மற்றவர்கள் எழுதியதை அவள் படித்துவிட்டு முடித்துவைக்க வேண்டும். மூன்று நாள் கூடத்து மேசையில் உறையோடு கிடந்தது. அவள் தொடவில்லை. நான் பிரித்தேன். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பதினேழாம் அத்தியாயத்தில் நாயகி பல நாள் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறாள், மனம் கனத்திருப்பவர்கள் யோசித்துப் படிக்கவும் என்று எழுதியிருந்தது. படிக்கலாமா வேண்டாமா என்பதைப் படிக்கிறவளே முடிவு செய்துகொள்ளத்தான் அந்தச் சீட்டு. நான் அதை வழிகாட்டிப் பலகையாக எடுத்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த அத்தியாயத்தைத் தேடிப் போய், மேலே நாலு, பக்கவாட்டில் மூன்று, கீழே நாலு என்று பின் அடித்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழகிய கை.

அந்தப் பழக்கம் நாமக்கல்லில் வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம். காலை நாலரைக்கு மணி அடிக்கும். இரவு படுக்கும்வரை மதிப்பெண்ணைத் தவிர வேறு எதற்கும் அங்கே மரியாதை கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருவார்கள். முறுக்கு, நெய், கூடவே வாரப் பத்திரிகை. பத்திரிகைகள் வார்டனம்மா மேசைக்குப் போகும். பொது அறிவு, அரசியல், சமையல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கதைப் பக்கங்களை மட்டும் பின் அடித்து மூடிவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார்.

“பொம்பளப் புள்ளைங்களுக்குக் கத எதுக்கு? படிச்சா மனசுல ஒட்டிக்கும். அப்பறம் மார்க்கு வராது” என்பார்.

பையன்கள் விடுதிக்கு அதே பத்திரிகைகள் முழுசாகப் போகும். கதை அவர்கள் மனதில் ஒட்டாதாம்.

பின் அடிக்கும் வேலையை வார்டனம்மா என்னிடம் கொடுத்திருந்தார். வகுப்பில் முதல் மதிப்பெண், நம்பிக்கையான பிள்ளை. அடிப்பதற்கு முன் நான் எல்லாக் கதையையும் படித்துவிடுவேன், அதுதான் என் கூலி. நூறு பெண்களில் கதை படித்த ஒருத்தி நான்தான் என்ற பெருமையில் இரண்டு வருடம் ஓட்டினேன். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

3

திங்கட்கிழமை சாயங்காலம் யாழினி பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். பின் அடித்த புத்தகம் கையில் இருந்தது. பிரித்துப் பார்க்காமலே அவள் வட்டத்தில் கொடுத்திருந்தாள், பின்களை எடுத்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“நீதானே?” என்றாள்.

“உன் நல்லதுக்குத்தான் சாமி.”

“படிச்சியா?”

“இல்ல.”

“படிக்காமலே அடிச்சியா?” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஆளுக்கு ஒரு மூலை என்று போயிருப்போம்.

“நீ ஏன் உம்மேல போட்டுக்கிட்ட? எங்கம்மா பண்ணினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா அவங்க உன்னை வெறுப்பாங்க. உன்னைப் பத்தி நான் அவங்ககிட்ட தப்பா எதுவும் சொன்னதில்ல. ஒரே ஒரு பக்கத்துல தவிர.” புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். “அதுதான் இப்ப உள்ள இருக்கு.”

அறைக்குப் போய்விட்டாள். என் கணவர் சக்திவேலைக் கூப்பிட்டேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. இங்கே சுரங்கத்தில் துளையிடும் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். பாலைவனத்துக் காற்று இரைச்சலுக்கு நடுவே கேட்டுக்கொண்டார்.

“ஏங்கண்ணு, ஒரு புக்குல பின் அடிச்சதுக்கா இத்தன ரகள? புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துரு.”

“புக்கு பிரச்சினை இல்லீங்க. புள்ள சரியில்லீங்க.”

“அவளுக்கு என்ன கொற? ஊடு இருக்குது, தனி ரூமு இருக்குது. நாம அந்த வயசுல…”

“நாம அந்த வயசுல நல்லா இருந்தமுங்களா?”

  “லீவு கேட்டுப் பாக்கறேன். வெள்ளிக்கெழம வாரேன்” என்றார். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் நான் கேட்காமல் அவர் லீவு எடுத்தது இதுதான் முதல்தடவை.

4

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொண்டையூசியால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். தாள் கிழியாமல் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முதலில் பின்பக்கத்துக் கால்கள் இரண்டையும் நிமிர்த்த வேண்டும், அப்புறம் முன்பக்கம் இழுக்க வேண்டும். யாரிடம் கற்றேன் என்பது பிறகு வரும்.

அச்சில் இருந்ததைவிட ஓரங்களில் எழுதியிருந்தது அதிகம். எட்டுக் கையெழுத்துகள். ‘எனக்கும்’, ‘எனக்கும்’, ‘போன வருடம் முழுக்க’ என்று பக்கத்துக்குப் பக்கம் ஊதா. எவளோ ஒருத்தி தன் மாத்திரையின் பெயரை எழுதி, பயப்படாதே, வாய் உலரும், அவ்வளவுதான் என்று அடுத்தவளுக்குச் சொல்லியிருந்தாள். நான் நினைத்துப் பயந்தது வேறு. படித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். இவர்களுக்கு அது முன்பே வந்துவிட்டிருந்தது. தனியாக இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் இந்த ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுப்பக்கத்தில் யாழினியின் கையெழுத்து. ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இதை அம்மா சடவு என்பாள். தூங்கி எழுந்தால் போய்விடும் என்பாள். நான் ஐந்து மாதமாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன்.’

சடவு என்றால் எங்கள் பக்கம் களைப்பு. காட்டு வேலை செய்தால் சடவு, பஸ்ஸில் வந்தால் சடவு. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன். ஐந்து மாதம். நான் அழுதேன், ஓரத்தில் மை கரையக்கூடாது என்று புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

மறுநாளைக்கே டாக்டரிடம் இடம் கிடைத்தது. அதற்கு முன் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் கொடுப்பதுதான் என் தொழில், இருந்தும் ஒரு கேள்வியை இரண்டு தடவை படித்தேன். குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா? ‘இல்லை’ என்று அழுத்தி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் ராசிபுரத்து அத்தை நினைவுக்கு வந்தார். மூன்றாவது குழந்தையும் பெண்ணாகப் பிறந்த பின் ஒரு வருடம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காத்துப் பட்டிருக்கிறது என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கடைசியில் நான் தினமும் குளியலறையில் வாந்தி எடுத்ததும் நினைவுக்கு வந்தது. அதைப் பரீட்சைப் பயம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம். பதிலை மாற்ற வேண்டும் என்று அந்த டாக்டரின் மருத்துவமனையில் கேட்டேன். அனுப்பியதை மாற்ற முடியாதாம், புதிதாக முழுப் படிவமும் நிரப்ப வேண்டுமாம். முன்மேசையின் இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நிரப்பினேன். ‘ஆம்’ என்று போட்டு, யார் யார் என்ற இடத்தில் அத்தையையும் என்னையும் எழுதினேன்.

டாக்டர் அறையில் இரண்டு நாற்காலி இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, யாழினியைப் பார்த்துக் கேட்டார்: “உங்கள் அம்மா இருக்கலாமா, வெளியே இருக்கட்டுமா?”

யாழினி யோசித்தாள். “வெளியே” என்றாள்.

ஊரில் என்றால் டாக்டரிடம் பேசுவதே அம்மாதான். பிள்ளை நாக்கை மட்டும் நீட்டும். வெளியே முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மீன்தொட்டியில் எத்தனை மீன் என்று இப்போதும் சொல்வேன். கடைசியில் மனநலத் திட்டம் என்று ஒரு தாளோடு வந்தாள். வாரம் ஒருமுறை ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும், முதல் இடம் கிடைக்க ஆறு வாரம் ஆகும். அதுவரை? “அதுவரைக்கும் வட்டம் இருந்துச்சு” என்றாள் காரில், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

5

கொண்டையூசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டுபிடித்தவள் என் அறைத்தோழி மகேஸ்வரி, வாழப்பாடிக்காரி. நான் அடித்த பின்களைக் கழற்றிக் கதையைப் படித்துவிட்டு, அதே ஓட்டையில் திரும்பச் சொருகிவைப்பாள். எனக்கு மட்டும் தெரியும். செய்துகாட்டியதே என்னிடம்தான்.

பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில் அவளால் நாலரை மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை. சோம்பேறி என்றார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அப்போது ஒரு பத்திரிகையில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. காலையில் எழ முடியாத ஒரு பெண்ணின் கதை. அதைப் படித்துவிட்டு மகேசு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கௌசி, இது நாந்தாண்டி. எனக்கு என்னமோ இருக்குதுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு” என்று அழுதாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கதை அவள் மனதில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். வார்டனம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் அவள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப்போனார். அவள் பரீட்சை எழுதவில்லை. நான் மாவட்டத்தில் பெயர் வாங்கினேன்.

வியாழக்கிழமை என் தம்பி மூலம் எண் வாங்கி அவளைக் கூப்பிட்டேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள், புத்தகம், பின், அப்புறம் அன்றைக்குச் சொன்னது நான்தான் என்பது.

“தெரியும்டி” என்றாள்.

“எப்போ தெரியும்?”

“அன்னைக்கேதான். உன்னைத் தவிர யாருக்குத் தெரியும், நீயே சொல்லு.” இயந்திரம் நின்றது. “ரொம்ப நாள் உன்மேல கோபம் இருந்துச்சு. இப்ப இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கம்மியாயிருக்கு.”

 அடுத்து அவளே கேட்டாள்:

“அந்தக் கத என்னா ஆச்சு? அப்புறம் வந்த புக்கு எதுவும் எனக்குக் கிடைக்கல. நீ படிச்சிருப்ப இல்ல? அந்தப் பொண்ணு கடைசியில என்னா ஆனா?”

படித்திருக்கிறேன். கட்டாயம் படித்திருக்கிறேன், படித்துவிட்டுப் பின் அடித்திருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நூறு பெண்களுக்கு மறுத்த கதையை நான் மட்டும் படித்து, நானும் மறந்திருக்கிறேன்.

“ஞாபகம் இல்ல மகேசு.”

“சரி, விடு” என்றாள். “நானா ஒரு முடிவு வெச்சிருக்கேன். ஒருநாள் எந்திரிச்சு முகம் கழுவுறா. அவ்வளவுதான். கல்யாணம் கில்யாணமெல்லாம் இல்ல.”

6

வெள்ளிக்கிழமை சக்திவேல் வந்தார். யாழினியின் அறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் செய்தித்தாள் படித்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. “நீ உள்ள வரணும்னு இல்லை” என்றாள் யாழினி. உள்ளே போனேன். நூலகத்தின் சின்ன அறை. ஏழு பெண்கள். வட்டத்தை நடத்துகிற ரூபிக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். ஒரு பக்கம் தலையை மழித்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளாக அடுப்படியில் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதும் பறந்துவிட்டது.

“பின் அடித்தது நான். இவள் இல்லை” என்றேன்.

 நானே நாமக்கல் விடுதியைச் சொன்னேன், வார்டனம்மாவைச் சொன்னேன், மகேசுவைச் சொன்னேன். பையன்களின் பத்திரிகைக்கும் பின் அடிப்பார்களா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்கள். ஒரு நொடி என் பக்கம் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் மழித்த தலைக்காரி, “அப்படியென்றால் உங்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று தெரியும், தெரிந்தும் செய்தீர்கள்” என்றாள். ஆமாம் என்றேன்.

யாழினி வட்டத்தில் இருப்பாள், அதில் பேச ஒன்றுமில்லை என்றாள் ரூபி. நான் எழுந்துகொள்ளப் போனேன். “இருங்கள்” என்றாள். “இப்போது அந்த அத்தியாயத்தைப் படித்தீர்களா?”

“படித்தேன்.”

“என்ன நினைத்தீர்கள்?”

எத்தனையோ கதை படித்திருக்கிறேன். என்ன நினைத்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்தேன். தோன்றியதைச் சொன்னேன்.

அந்த அத்தியாயத்தில் நாயகியின் அம்மா ஒரே ஒருமுறை வருகிறாள். கதவைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டு, தட்டை வாசலில் வைக்கிறாள். நாலு வரிதான். எட்டுப் பேரும் அங்கே பச்சைக் கோடு போட்டிருந்தார்கள். ‘இவளெல்லாம் ஒரு அம்மாவா’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

“அவள் திரும்பிப் போனாள் என்று புத்தகத்தில் இல்லை” என்றேன். “எனக்கு அவள் கதவுக்கு வெளியிலேயே நின்றிருப்பாள் என்று தோன்றுகிறது. ரொம்ப நேரம்.”

அதுவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த யாழினி தலை நிமிர்ந்தாள். அத்தனை பேர் முன்னாலும் தமிழில் கேட்டாள்:

“அப்ப ஏன் அவ உள்ள வரல? கதவு பூட்டியிருக்குன்னு எங்கயும் இல்லையே அம்மா.”

அடுப்பில் வேலை இருந்தது, அப்பா ஊரில் இல்லை, நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். சொல்ல எத்தனையோ இருந்தது. 

“பயமா இருந்துச்சு சாமி” என்றேன். “உள்ள வந்து பாத்தா நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சு.”

என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று மற்றவர்கள் கேட்டார்கள். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், “பயமாக இருந்ததாம், அதனால்தான் உள்ளே வரவில்லையாம்” என்றாள்.

“யாருக்கு, கதையில் வரும் அம்மாவுக்கா?” என்று கேட்டாள் மழித்த தலைக்காரி.

“இல்லை” என்றாள் யாழினி. “என் அம்மாவுக்கு.”